பூட்டிய பெட்டி பழுதானால்…

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

வீட்டிற்கு இரும்புப் பெட்டி வாங்கச் செல்பவர்கள் அதன் பூட்டு உறுதியானதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பெட்டியே ஒரு நாள் துருப்பிடித்துப் போனால் உள்ளிருக்கும் நகையையும் நிலப் பத்திரத்தையும் எப்படி எடுப்பது என்று எவரும் கேட்பதில்லை. இரும்புப் பெட்டி தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது, நமக்குப் பின்னும் இருக்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். ஆனால் இன்று நம் கையில் இருக்கும் பெட்டியோ சுண்டு விரல் அளவே உள்ளது. அதன் பெயர் பென் டிரைவ். புகைப்படங்கள், சான்றிதழ்களின் பிரதிகள், பாடக் குறிப்புகள், வீட்டுக் கணக்குகள் என்று ஒரு குடும்பத்தின் உடைமை பலவற்றை அதற்குள் அடக்கி விடுகிறோம். தொலைந்து போனால் பிறர் கையில் சிக்கக் கூடாதே என்று கடவுச்சொல் இட்டுப் பூட்டியும் வைக்கிறோம். இவ்வாறு பூட்டப்பட்ட பென் டிரைவ் பழுதடையத் தொடங்கினால் அதன் நோயை எவ்வாறு அறிவது, எந்த வரிசையில் வைத்தியம் பார்ப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெட்டியின் உள்ளமைப்பு

பென் டிரைவின் உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பான் நாட்டில் டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்னும் பொறியியலாளர். இவர் 1984-ஆம் ஆண்டு இதனை உலகுக்கு அறிவித்தார். ஐ.பி.எம். நிறுவனம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த பென் டிரைவின் கொள்ளளவு 8 மெகாபைட்தான். இன்று சாதாரணக் கடையில் கிடைக்கும் 32 ஜிகாபைட் பென் டிரைவ் அதைப்போல நாலாயிரம் மடங்கு கொள்ளும்.

இந்த நினைவகத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் எலக்ட்ரான்கள் சிறை வைக்கப்படுகின்றன. அறையில் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்பதைக் கொண்டே அதில் எழுதப்பட்ட தகவல் படிக்கப்படுகிறது. இந்த அறைகளின் சுவர் மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய படலம். எழுதும்போதும் அழிக்கும்போதும் எலக்ட்ரான்கள் இந்தச் சுவரைத் துளைத்துச் செல்வதால், ஒவ்வொரு முறையும் சுவர் சிறிது தேய்கிறது. மலிவான வகைகளில் சுமார் ஆயிரம் முறை, சற்று உயர்ந்த வகைகளில் சில ஆயிரம் முறை எழுதி அழித்தபின் சுவர் தளர்ந்து விடும். தளர்ந்த சுவர் வழியே எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். வெப்பம் மிகுந்த இடத்தில் இந்தக் கசிவு விரைவாக நடக்கும்.

இந்த அறைகளை நிர்வகிக்க ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு உள்ளது. அதனை ஒரு நூலகருக்கு ஒப்பிடலாம். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற பட்டியல் அவரிடம் மட்டுமே உண்டு. கிழிந்த அலமாரிக்குப் பதிலாக உபரி அலமாரியை அமர்த்துவதும், சிறு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுப்பதும் அவர் வேலையே. அதனால்தான் பென் டிரைவின் நோய் நெடுநாள் வெளியே தெரிவதில்லை. உபரி அலமாரிகள் தீர்ந்த பிறகே நமக்குச் செய்தி வருகிறது. அப்போது சில பென் டிரைவ்கள் எழுதுவதற்கு மறுத்து, படிப்பதற்கு மட்டும் இடம் தரும். இதைக் கோளாறு என்று எண்ணிச் சலித்துக்கொள்ளக் கூடாது. ‘இருப்பதை இப்போதே எடுத்துக்கொள்’ என்று அது நமக்குத் தரும் கடைசி அவகாசம் அது.

பூட்டின் தன்மை

இனிப் பூட்டைப் பார்ப்போம். தகவலைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டுவதற்கு மறையாக்கம் என்று பெயர். உலகெங்கும் வழங்கும் ஏ.இ.எஸ். என்னும் மறையாக்க முறையை வகுத்தவர்கள் யோவான் டேமன், வின்சென்ட் ரெய்மன் என்ற இரு பெல்ஜிய நாட்டு அறிஞர்கள். அமெரிக்க அரசு 2001-ஆம் ஆண்டு இதனைத் தன் நாட்டின் தரமாக ஏற்றுக்கொண்டது.

நாம் இடும் கடவுச்சொல்லே நம் கோப்புகளைப் பூட்டுகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. கணினி தானாகவே ஒரு பெரிய எண்ணை உருவாக்கி அதைத் தலைமைச் சாவியாக வைத்துக்கொள்கிறது. கோப்புகள் அனைத்தும் அந்தத் தலைமைச் சாவியால் பூட்டப்படுகின்றன. அந்தச் சாவி ஒரு சிறு பேழையில் வைக்கப்படுகிறது. நம் கடவுச்சொல் அந்தப் பேழையை மட்டுமே திறக்கும். பேழை இருக்கும் இடத்திற்குத் தலைப்பகுதி என்று பெயர். பெரும்பாலும் அது பூட்டிய பகுதியின் தொடக்கத்தில் இருக்கும்.

இந்த அமைப்பிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது. வெராகிரிப்ட், லக்ஸ் ஆகிய மென்பொருள்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்.டி.எஸ். என்ற முறையில், கோப்பின் நடுவே ஓர் எழுத்து சிதைந்தால் அதைச் சுற்றியுள்ள 16 பைட்டுகள் மட்டுமே கெடும். மற்றவை நலமாகத் திறக்கும். ஆனால் தலைப்பகுதியில் சாவி இருக்கும் இடம் சிதைந்தால், கோப்புகள் எல்லாம் முழுமையாக இருந்தும் ஒன்றைக்கூடப் படிக்க முடியாது. சரியான கடவுச்சொல்லும் பயன் தராது. 256 பிட் அளவுள்ள சாவியை ஊகித்துக் கண்டுபிடிக்க முயன்றால், 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணளவு சாவிகளைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே பூட்டாத பென் டிரைவுக்கு இல்லாத ஓர் ஆபத்து பூட்டிய பென் டிரைவுக்கு உண்டு. சிறு புண் எங்கே உண்டாகிறது என்பதைப் பொறுத்தே அது பிழைப்பதும் இறப்பதும் இருக்கிறது.

நோயறிதல்

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மருத்துவர் ஒரே மருந்தைத் தருவதில்லை. அதுபோல் நோயின் குறிகளைக் கொண்டு நாமும் பிரித்தறிய வேண்டும். முதலில் பென் டிரைவை நீட்டிப்புக் கம்பி எதுவும் இல்லாமல் கணினியில் நேராகச் செருகிப் பார்க்க வேண்டும். பிறகு வேறு துளையிலும், வேறு கணினியிலும் பார்க்க வேண்டும். குற்றம் துளையில் இருந்தால் அதோடு கவலை தீர்ந்தது. இல்லையேல் கீழ்க்கண்ட குறிகளைக் கவனிக்க வேண்டும்.

1. கணினி பென் டிரைவை அறியவே இல்லை, அல்லது அதன் கொள்ளளவைச் சுழியம் என்று காட்டுகிறது. இணைப்பு முனையோ கட்டுப்பாட்டுச் சில்லோ பழுதாகி இருக்கலாம். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. தகவல் மீட்பில் தேர்ந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

2. கொள்ளளவைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் ‘ஃபார்மட் செய்ய வேண்டுமா?’ என்று கேட்கிறது. வெராகிரிப்ட் கொண்டு முழுமையாகப் பூட்டிய பென் டிரைவை விண்டோஸ் கணினியில் செருகினால் இந்தக் கேள்வி எப்போதும் வரும். கணினிக்குச் சங்கேதம் புரியவில்லை. ஆகவே வெற்றுப் பெட்டி என்று எண்ணிக் கேட்கிறது. தலைப்பகுதி சிதைந்தாலும் இதே கேள்விதான் வரும். இரண்டிற்கும் விடை ‘வேண்டாம்’ என்பதே.

3. கடவுச்சொல்லைக் கேட்கிறது, கொடுத்தால் தவறு என்கிறது. விசைப்பலகை தமிழில் இருக்கிறதா, பெரிய எழுத்து விசை அழுந்தி இருக்கிறதா, எண் விசைகள் அணைந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறர் அருகில் இல்லாத வேளையில் கடவுச்சொல்லை வேறொரு பக்கத்தில் தட்டிப் பார்த்து உடனே அழித்து விடுவது நல்லது. வெராகிரிப்ட் போன்றவற்றால் தவறான கடவுச்சொல்லையும் சிதைந்த தலைப்பகுதியையும் வேறுபடுத்திச் சொல்ல இயலாது. ஆகவே ‘தவறு’ என்ற சொல்லைக் கண்டதும் நம் நினைவையே சந்தேகிக்கத் தேவையில்லை.

4. பூட்டு திறக்கிறது, ஆனால் கோப்புகள் மெதுவாக வருகின்றன, நடுவில் நின்று விடுகின்றன, சில திறப்பதே இல்லை. இது அறைகள் தளர்ந்ததன் அடையாளம். இந்நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது. திறந்திருக்கும்போதே முக்கியமானவற்றை முதலில் வேறிடத்திற்கு எடுத்து விட வேண்டும்.

முதல் விதி: முதலில் நகல்

பழுது பார்க்கத் துடிப்பது மனித இயல்பு. விண்டோஸில் உள்ள செக்-டிஸ்க் போன்ற பழுது நீக்கும் கருவிகளை உடனே ஓட்டிவிடத் தோன்றும். ஆனால் அவை பென் டிரைவின் மீதே எழுதித் திருத்துகின்றன. தளர்ந்த சுவரில் ஆணி அடிப்பதற்கு இது ஒப்பாகும். ஆகவே எதையும் எழுதாமல், முதலில் பென் டிரைவ் முழுவதையும் அப்படியே நகலெடுக்க வேண்டும்.

இதற்கென்றே லினக்ஸ் கணினிகளில் டிடி-ரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள் உண்டு. இது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்து விடும். சிரமமான பகுதிகளைக் கடைசியாக விட்டு வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். எதுவரை முடிந்தது என்பதைத் தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, 32 ஜிகாபைட் பென் டிரைவில் பத்துப் படங்களே இருந்தாலும் நகலுக்கு 32 ஜிகாபைட் இடம் வேண்டும். சங்கேதத்தைச் சுருக்க முடியாது. இரண்டு, நகலெடுக்கக் கடவுச்சொல் தேவையில்லை. பூட்டைத் திறக்காமலேயே பெட்டியோடு நகலெடுப்பதால், வேறொருவர் உதவினாலும் நம் இரகசியம் அவருக்குத் தெரியாது. மூன்று, சில பென் டிரைவ்களில் பூட்டு மென்பொருளில் இல்லாமல் சில்லுக்குள்ளேயே இருக்கும். அவை கடவுச்சொல் கொடுக்கும்வரை எதையும் காட்டா. அவற்றைத் திறந்த பிறகே நகலெடுக்க முடியும்.

நாங்கள் கண்ட பயன்

எங்கள் வகுப்பு மாணவியர் அருகிலுள்ள முதியோர் இல்லத்திற்குச் சென்று, அங்குள்ளவர்களின் வாழ்க்கை நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்தோம். பிள்ளைகளைப் பற்றியும் நோயைப் பற்றியும் அவர்கள் மனம் விட்டுப் பேசியதால், பதிவுகளை வெராகிரிப்ட் கொண்டு பூட்டியே வைக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். அவ்வாறே செய்தோம். பதிவு முடிந்த மூன்றாம் மாதம் அவர்களுள் ஒரு பாட்டி காலமானார். தம் தாயாரிடம் கற்ற ஒரு தாலாட்டை அவர் எங்களுக்காகப் பாடியிருந்தார். மற்றொரு பிரதி இருந்த கணினி அந்த மழைக்காலத்தில் இடி மின்னலில் பழுதாகி விட்டது. அவருடைய பேத்தி அந்தப் பாடலைக் கேட்டு வந்த வேளையில், பென் டிரைவும் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தது.

எங்கள் கணினி ஆசிரியை பென் டிரைவின்மீது எதையும் எழுத விடவில்லை. லினக்ஸ் கணினியில் செருகி நகலெடுக்கத் தொடங்கினார்கள். முதல் அரை மணியில் பெரும்பகுதி வந்து விட்டது. எஞ்சிய சிறு பகுதிக்காகக் கணினி இரவு முழுவதும் ஓடியது. தொடக்கப் பகுதிதான் சிதைந்திருந்தது. அதாவது சாவிப் பேழை. நல்ல வேளையாக வெராகிரிப்ட் அந்தப் பேழையின் உபரிப் பிரதி ஒன்றைப் பூட்டிய பகுதியின் இறுதியிலும் வைத்திருக்கும். நகலின்மேல் அதைப் பயன்படுத்தியதும் அதே கடவுச்சொல் ஏற்கப்பட்டது. தாலாட்டின் நடுவே சில விநாடிகள் மட்டும் ஒலியில்லாமல் போயிருந்தன. பேத்தி அதைக் கேட்டுவிட்டு, விடுபட்ட அந்த அடியைத் தாமே பாடிக் காட்டினார்.

நகலெடுத்த பின்

நகல் கிடைத்த பிறகு அதையும் ஒருமுறை பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில்தான் சோதனைகளைச் செய்ய வேண்டும். வெராகிரிப்டில் மேற்கூறிய உபரித் தலைப்பகுதி உதவும். விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் என்ற பூட்டுக்கு, பூட்டும்போதே 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று தரப்படும். அதையும் ரிப்பேர்-பி.டி.இ. என்னும் கருவியையும் கொண்டு, பழுதான பென் டிரைவில் உள்ளதைத் திறந்து வேறொரு டிரைவில் எழுதலாம். அந்த வேறு டிரைவில் முன்பிருந்தவை அழிந்து விடும் என்பதால் வெற்று டிரைவையே கொடுக்க வேண்டும். லினக்ஸின் லக்ஸ் முறையில், தலைப்பகுதியை முன்கூட்டியே தனியாகப் பிரதி எடுத்து வைத்திருந்தால் அதைக் கொண்டு மீட்கலாம்.

பூட்டு திறந்தும் கோப்புகளின் பட்டியல் குலைந்திருந்தால், ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் தேடித் தரும். ஆனால் பூட்டைத் திறந்த பின்னரே அதை ஓட்ட வேண்டும். பூட்டிய நிலையில் ஓட்டினால் சங்கேதத்தில் அதற்கு ஒன்றும் கிடைக்காது.

சாவி தொலைந்தால்

பெட்டி நலமாக இருந்து சாவி மட்டும் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்டீஃபன் தாமஸ் என்ற கணினி நிரலாளர் 2011-ஆம் ஆண்டு, ஒரு விளக்கப் படம் தயாரித்ததற்காக 7,002 பிட்காயின்களைப் பெற்றார். அவற்றின் சாவிகளை அயர்ன்கீ என்னும் பூட்டிய பென் டிரைவில் வைத்தார். கடவுச்சொல் எழுதிய தாள் தொலைந்து போயிற்று. அந்தப் பென் டிரைவ் பத்து முறை மட்டுமே தவறான சொல்லைப் பொறுக்கும். அதன்பின் தன்னைத்தானே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021 ஜனவரியில் இச்செய்தி வெளியானபோது அவர் எட்டு முறை முயன்று தோற்றிருந்தார். அப்போது அந்தப் பிட்காயின்களின் மதிப்பு சுமார் 22 கோடி டாலர்! 2023-ஆம் ஆண்டில் அன்சைஃபர்ட் என்னும் நிறுவனம் அவ்வகைப் பென் டிரைவின் பூட்டைத் திறக்க வழி கண்டுவிட்டதாக அறிவித்தது. ஆனால் அத்தகைய ஆய்வுக்கூட உதவி நம் போன்றோர்க்கு எட்டக்கூடியதன்று. ஆகவே முயற்சிகளுக்கு வரம்புள்ள பென் டிரைவில் ஊகமாகக் கடவுச்சொல்லைத் தட்டவே கூடாது. நினைவுக்கு வரும் சொற்களை முதலில் தாளில் எழுதி, ஆற அமர ஆராய்ந்த பின்னரே முயல வேண்டும்.

வருமுன் காத்தல்

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது பழமொழி. பென் டிரைவுக்கான அணைகள் இவை:

முக்கியமானவற்றிற்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு வீட்டில் இருக்க வேண்டும். தலைப்பகுதியைத் தனியாகப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றினால் அந்தப் பிரதியையும் புதிதாக எடுத்து, பழையதை அழிக்க வேண்டும். ஏனெனில் பழைய பிரதி பழைய கடவுச்சொல்லுக்குத் திறக்கும். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்க வேண்டும். பென் டிரைவோடு சேர்த்துக் கட்டி வைத்தால் பூட்டுவதில் பொருளில்லை. பென் டிரைவை வெயிலிலும் மூடிய காரிலும் விடக்கூடாது. கணினியிலிருந்து எடுக்குமுன் முறைப்படி துண்டிக்க வேண்டும். எழுதி முடியுமுன் பிடுங்கினால் தலைப்பகுதியே பாதியில் நிற்கலாம். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். ஒருமுறை நோய் காட்டிய பென் டிரைவை மீண்டும் நம்பக்கூடாது.

முடிவுரை

தோழியரே! இவ்வளவு தொல்லை எதற்கு, பூட்டாமலே வைத்து விடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது சரியன்று. பழுதான பென் டிரைவை முழுமையாக அழிப்பதும் கடினம். பூட்டியிருந்தால் குப்பையில் கண்டெடுப்பவர் கையில் நம் குடும்பப் படங்கள் சிக்குவதில்லை. பூட்டு நல்லதே. ஆனால் பூட்டுக்கு உடையவர் யார், கள்வர் யார் என்று தெரியாது. சாவியைக் கொண்டு வருபவருக்குத் திறக்கும். மற்றவர் அழுதாலும் திறக்காது. ஆகவே பூட்டுகின்ற அன்றே சாவிக்கும் பெட்டிக்கும் மாற்று ஏற்பாடு செய்வோம். அப்படியும் பழுது வந்தால், கலங்காமல் கையை எடுத்துவிட்டு, முதலில் நகல், பிறகே வைத்தியம் என்ற வரிசையை மறவாதிருப்போம். இன்று மாலையே நம் வீட்டுப் பென் டிரைவை எடுத்து, அதிலுள்ளதற்கு இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்போம். விடை கிடைக்காவிட்டால், வேலையை அங்கிருந்தே தொடங்குவோம்.